வராதவர்களின் நோட்டு

(வேலூரில் சமூகப்பணி மாணவர்களிடையே, ஓய்வுபெற்ற மனநல சமூகப்பணியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "மனநலத் துறையில் தலைமைப் பொறுப்பு வகித்தவர்" என்று தம்பி என்னை அறிமுகம் செய்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நோயாளி முகத்தைப் பார்த்தது குறைவு, கோப்பைப் பார்த்ததுதான் அதிகம். அதனால் நாற்காலிக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் ஒரே மாவட்டம். 2019-இல்தான் பிரிந்தன. ஆலங்காயம் மனநல முகாமுக்கு ஒரு நாள், குடியாத்தம் முகாமுக்கு ஒரு நாள் என்று பேருந்திலேயே பாதி வாழ்க்கை போனது. வாணியம்பாடியில் உருது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1950-களிலிருந்து இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிக் கவனிப்பது அங்கே வழக்கம். அருமையான முறை. ஆனால் கூலிக்குப் போகிற வீட்டில் எந்த ஆளை அனுப்புவது? இந்தக் கேள்வி என்னைக் கடைசி வரை விடவில்லை.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீ விபத்து. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு எங்கள் பகுதி வீடுகளில் சங்கிலி காணாமல் போகவில்லை, நாங்கள் வருகிறோம் என்றால் ஒளித்து வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு தாய் கேட்டார்: "நான் நாத்து நடப் போயிட்டா இவன் ரோட்டுக்குப் போயிடுவான். நீ வந்து பாத்துக்கிறியாம்மா?" என்னிடம் பதில் இல்லை. சங்கிலி போடக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்தத் தாய் வயலுக்குப் போகும் நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

இனி நோட்டு விஷயம். முகாமில் வந்தவர்களுக்குப் பதிவேடு உண்டு. மேலே போகிற அறிக்கையும் அதுதான்: இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை மாத்திரை கொடுத்தோம். நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வராதவர்கள் பெயரை எழுத ஆரம்பித்தேன். மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறுத்தினால் மறுநாளே எதுவும் ஆகிவிடாது. அதனாலேயே வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்துத் தூக்கம் கெடும், சந்தேகம் வரும், தனியாகப் பேச்சு தொடங்கும். அந்த இடைவெளிக்குள் நாம் போய்ச் சேர்ந்தால் பிழைத்தோம்.

குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருவர் மூன்று மாதமாக வரவில்லை. போய்ப் பார்த்தேன். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "மாத்திர வேணான்னா சொன்னேன்? வியாழக்கெழமதான் ஏஜெண்ட் பீடி எடுக்க வருவாரு. அன்னிக்கி நான் இல்லன்னா அந்த வாரத் துட்டு போச்சு." முகாம் நாளும் வியாழக்கிழமைதான்! தெருவில் இன்னும் ஆறு பெண்கள் அதே காரணத்தால் வராதவர்கள். அலுவலகத்திலோ அவர்களை எல்லாம் 'ஒத்துழைக்காதவர்கள்' என்று எழுதி வைத்திருந்தோம். என் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

முகாமை வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாற்ற எட்டு மாதம் ஆனது. டாக்டரின் நாள், வண்டியின் நாள், மருந்தாளுநரின் நாள் எல்லாம் நகர வேண்டும். நான் பொறுப்புக்கு வந்த பிறகு செய்த வேலைகளில் எனக்குத் திருப்தி தந்தது அது ஒன்றுதான். மற்றவை விழா, பேனர், உறுதிமொழி.

இப்போது 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கினார்கள். நள்ளிரவில் தவிக்கிற ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு அது பெரிய துணை. திண்ணையில் இருக்கிற அந்தம்மா போன் செய்ய மாட்டார். நாம்தான் போக வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று நோட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்தேன். கொடுக்கும் முன் எண்ணிப் பார்த்தேன். பதினொரு பெயர் இன்னும் கோடு போட்டு அடிக்கப்படாமல் இருந்தது. அதில் மூன்று வீடு எனக்கு வழி தெரியும்.

கேள்வி இருந்தால் சீக்கிரம் கேளுங்கள். நாலரை மணிக்குக் குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்கணும்.