கடல் பாசி விஷம் ரத்தக் குழாய் செல்லை என்ன செய்யுது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "கடல் பாசி விஷம் ரத்தக் குழாய் செல்லைத் தாக்கி அழற்சியை உண்டாக்கும்னு படிச்சேன். அது நேரா செல்லைக் கொன்னுடுதா? நல்லா வேக வச்சா விஷம் போயிடுமா?"

இங்க பாசின்னா நாம சாப்பிடுற கடற்பாசி இல்லீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் நுண்பாசி. அதுலயும் எல்லா விஷமும் ரத்தக் குழாய்க்குப் போறதில்ல. சாக்சிடாக்சின் நரம்போட சோடியம் வாசலை அடைச்சு மூச்சை நிறுத்தும். டொமோயிக் அமிலம் மூளைக்குப் போகும். ரத்தக் குழாய் விஷயத்துல பேச வேண்டியது ரெண்டு பேரைப் பத்தி: ஒகடாயிக் அமிலம், பாலிடாக்சின்.

ரத்தக் குழாயோட உள்பக்கம் ஒரே வரிசையா செல்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் எண்டோதீலியம். ரத்தத்துல இருக்கிற நீர் வெளிய கசியாம பார்த்துக்கிறதும், வெள்ளை அணு எங்க இறங்கணும்னு முடிவு பண்றதும் அதோட வேலை. இந்த முடிவெல்லாம் பெரும்பாலும் புரதத்துல பாஸ்பேட் ஏறுறது, இறங்குறதுலதான் நடக்குது. ஏத்துறது கைனேஸ், இறக்குறது பாஸ்பேட்டேஸ்.

ஒகடாயிக் அமிலம் இறக்குறவன் கையைக் கட்டிப்போடுது. பிபி2ஏங்கிற பாஸ்பேட்டேஸை நானோமோலார்ங்கிற ரொம்பச் சின்ன அளவுலயே பிடிச்சுக்கும். பிபி1-ங்கிற இன்னொரு பாஸ்பேட்டேஸைப் பிடிக்க அதைவிட கூடுதலா வேணும். கைனேஸ் புதுசா எதுவும் பண்ணல, வழக்கம்போல ஏத்திக்கிட்டே இருக்கு. விளக்கைப் போடுறவன் இருக்கான், அணைக்க ஆள் இல்ல. அழற்சியைத் தூண்டுற என்எஃப்-கப்பா-பி பாதை அணையாம எரியுது. அந்தப் பாதை எரிஞ்சா இன்டர்லூகின்-8 மாதிரி அழைப்புச் சரக்கும், ஐகேம்-1 மாதிரி வெள்ளை அணு ஒட்டுற கொக்கியும் கூடும். இன்னொரு பக்கம் செல்லைச் சுருங்க வைக்கிற மயோசின்ங்கிற புரதத்துலயும் பாஸ்பேட் தேங்கி, செல் தன்னைத் தானே இறுக்கிக்கும். ரெண்டு செல்லும் இழுத்துக்கிட்டா நடுவுல இடைவெளி விழும், கசிவு வரும். ஆக, கொல்றது கடைசிக் கட்டம். அதுக்கு முன்னாடியே செல் உயிரோட இருந்துக்கிட்டே தப்பா நடந்துக்குது.

பாலிடாக்சின் வேற ரகம். செல் சவ்வுல 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுக்கிற பம்ப் இருக்கே, அதுல போய் உக்காந்து, பம்பையே திறந்த ஓட்டையா மாத்திடும். சோடியம் உள்ள கொட்டும், பொட்டாசியம் வெளிய ஓடும், பின்னாடியே கால்சியமும் ஏறும். குழாயைச் சுத்தியிருக்கிற தசை சுருங்கிடும், இதயத்தோட ரத்தக் குழாய் உட்பட. பொட்டாசியம் குறையறது அழற்சி செல்களுக்கு ஒரு அபாயச் சங்கு மாதிரி, அதுலயே அழற்சியைக் கிளப்புற இன்டர்லூகின்-1 பீட்டா வெளிய வரலாம். 2005-ல இத்தாலியோட ஜெனோவா கடற்கரையில பாலிடாக்சின் வகை விஷம் தயாரிக்கிற ஆஸ்ட்ரியாப்சிஸ் பாசி பெருகினப்போ, கடல் காத்தைச் சுவாசிச்சு சுமார் 200 பேர் காய்ச்சல், இருமல், மூச்சு இறைப்புன்னு சிகிச்சைக்குப் போனாங்க.

ஆய்வகத்துல இதைச் சோதிக்கிறவங்க அடிக்கடி ஏமாறுற இடம் ஒண்ணு உண்டு. பாசிச் சாறுல பாக்டீரியாவோட சுவர்ல இருக்கிற எண்டோடாக்சின்ங்கிற விஷம் கலந்திருக்கும். எண்டோதீலியல் செல் அதுக்கே இன்டர்லூகின்-8-ஐ வாரிக் கொட்டும். உடனே "பாசி விஷம் அழற்சி பண்ணுது"ன்னு எழுதிடுவாங்க. அதனால முதல்ல எண்டோடாக்சின் இருக்கான்னு காட்டுற எல்ஏஎல் சோதனை வைங்க, எண்டோடாக்சினைக் கட்டிப்போடுற பாலிமிக்சின் பி மருந்து சேர்த்தும் செல் வளர்க்கிற தட்டு ஒண்ணு ஓட்டுங்க. ஒகடாயிக் அமிலத்துக்கு, பாஸ்பேட்டேஸைத் தொடாத அதோட உறவு 1-நார்ஒகடாவோனைப் பக்கத்துல வைங்க. பாலிடாக்சினுக்கு, அதே பம்புல ஒட்டிக்கிற ஊவபெயின். அது விளைவைக் குறைச்சா, பம்ப் வழியாதான் நடக்குதுன்னு தெரியும். செல் சாவு எத்தனைன்னும் கூடவே அளக்கணும், ஏன்னா செத்த செல் கசியவிடுற சரக்கே பக்கத்து செல்லைக் கிளப்பிவிடும்.

தட்டுல பார்த்த அளவை அப்படியே மனுஷ ரத்தக் குழாய்க்குப் போடாதீங்க. பாசியைத் தின்னு ஒகடாயிக் அமிலத்தைச் சேர்த்து வச்ச சிப்பியைச் சாப்பிட்டா முதல் அடி குடலுக்குத்தான். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துல வயித்துப்போக்கு, வாந்தி. பெரும்பாலும் மூணு நாளுக்குள்ள சரியாகிடும். தட்டுல செல் விஷத்துலயே ஊறுது. உடம்புல குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் ரத்தத்துக்கே வரணும்.

வேக வச்சா போயிடுமான்னு கேட்டீங்க. போகாது. இந்த ரெண்டு விஷமும் சூடு தாங்கும். சிப்பியை வேக வச்சா தண்ணி வத்துறதால, கிராமுக்கு இருக்கிற ஒகடாயிக் அளவு இன்னும் அதிகமாகவும் வாய்ப்பு உண்டு. மீன் தொட்டியில பாலிதோவாங்கிற, பாலிடாக்சின் இருக்கக்கூடிய பவளம் மாதிரி உயிரி வளர்ந்த பாறையைக் கொதிக்க வைக்கிறது இன்னும் மோசம், ஆவியோட பாலிடாக்சின் மூச்சுல ஏறும். அதனால சிப்பி விஷயத்துல கட்டுப்பாடெல்லாம் சமையலுக்கு முன்னாடியே. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரு கிலோ சிப்பிச் சதைக்கு ஒகடாயிக் கணக்குல 160 மைக்ரோகிராம்தான் எல்லை. தாண்டினா அந்தப் பகுதியில அறுவடை நிறுத்தம். சிப்பி தானா விஷத்தைக் கழிச்சு, அளவு எல்லைக்குக் கீழ இறங்குற வரைக்கும் காத்திருக்கணும்.