கார்னரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

குத்துச்சண்டைப் படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தில் அழைத்தார்கள். ராயபுரத்துக்காரனிடம் அப்படிக் கேட்டால் 'சார்பட்டா பரம்பரை'யைத்தான் எடுப்பான் என்று நினைத்திருப்பீர்கள். 2021-ல் அந்தப் படம் வந்தபோது எங்கள் தெருவில் பார்க்காத வீடு கிடையாது. ரங்கன் வாத்தியார் நிற்கிற நிலையையும், டான்சிங் ரோஸின் கால் ஆட்டத்தையும் சின்னப் பிள்ளைகள் இன்றைக்கும் செய்து காட்டுகிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததையே நான் திரும்பச் சொல்வானேன்? அதனால் இன்று வேறு ஒரு படம். 'மில்லியன் டாலர் பேபி'. 2004-ல் வந்த அமெரிக்கப் படம். கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி, வயதான வாத்தியாராக அவரே நடித்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகர் என்று நான்கு ஆஸ்கர் வாங்கியது. ஆஸ்கருக்காக அதைப் பாருங்கள் என்று சொல்ல வரவில்லை. குத்துச்சண்டையில் எதை நான் இத்தனை காலமாக நேசிக்கிறேனோ, அதை வேறு எந்தப் படமும் இவ்வளவு கிட்டத்தில் போய்க் காட்டியதில்லை.

அது என்ன? கார்னர்.

ரிங்கின் நான்கு மூலைகளில் இரண்டு, சண்டை போடுகிறவர்களுடையது. மணி அடித்ததும் ஓடி வந்து ஸ்டூலில் உட்காருகிறார்களே, அந்த இடம். சண்டை பார்க்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் சுண்டல் வாங்குவார்கள், பக்கத்து ஆளிடம் பேசுவார்கள். டிவியில் விளம்பரம் போட்டுவிடுவார்கள். நானோ அந்த நேரத்துக்காகத்தான் சண்டையே பார்ப்பேன். சின்ன வயதில் எங்கள் வாத்தியாருக்கு பக்கெட் தூக்குகிற பையனாக இருந்தவன் நான். ஸ்டூல், பக்கெட், தண்ணீர், துண்டு, இவ்வளவும் என் பொறுப்பு. அதனால் குத்துச்சண்டையை நான் கீழே இருந்து, கயிறுக்கு வெளியே இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஆண்களுக்குத் தொழில்முறைச் சண்டையில் ஒரு ரவுண்டு 3 நிமிடம். பெண்களுக்குப் பெரும்பாலும் 2 நிமிடம். இடையில் ஓய்வு எல்லோருக்குமே 1 நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் என்னென்ன நடக்கிறது தெரியுமா? ஸ்டூலைப் போட வேண்டும். வாயில் இருக்கிற பல் காப்பை எடுத்துக் கழுவ வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துத் துப்ப வைக்க வேண்டும். புருவத்திலும் கன்னத்து எலும்பிலும் வாசலைன் தடவ வேண்டும். தடவினால்தான் எதிராளியின் கிளவுஸ் தோலைப் பிடித்துக் கிழிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஏற்கெனவே கிழிந்திருந்தால் வேலை வேறு மாதிரி. புருவத்தில் கிழிந்தால் ரத்தம் நேராகக் கண்ணுக்குள் இறங்கும், எதிரில் நிற்கிற ஆள் தெரியமாட்டான், ரெஃப்ரி சண்டையையே நிறுத்திவிடுவார். அட்ரினலின் தோய்த்த பஞ்சைக் காயத்துக்குள் வைத்து அழுத்துவார்கள். அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஆனால் மருந்தைவிட அழுத்தம்தான் முக்கியம். சரியான இடத்தில், கை நடுங்காமல், விடாமல் அழுத்த வேண்டும். இதையெல்லாம் செய்துகொண்டே, குழம்பிப்போன மூளைக்குள் போகிற மாதிரி ஒரே ஒரு விஷயத்தை வாத்தியார் சொல்ல வேண்டும். இரண்டு சொன்னால் ஏறாது.

காயத்தைக் கவனிக்கிற இந்த வேலையை வெளிநாட்டில் 'கட்மேன்' என்று தனி ஆள் வைத்துச் செய்கிறார்கள். இந்தப் படத்தின் கதையை எழுதியவர் அப்படிப்பட்ட ஒரு கட்மேன்தான். எஃப். எக்ஸ். டூல் என்ற புனைபெயரில் எழுதிய ஜெர்ரி பாய்ட். அவருடைய முதல் கதைப் புத்தகம் 2000-ல் வந்தபோது எழுபது வயதை நெருங்கியிருந்தார். 2002-ல் இறந்துபோனார், படத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களின் ரத்தத்தைத் தன் விரலால் நிறுத்திய மனிதர் எழுதியது இது. அதனால்தான் படத்தில் கார்னர் காட்சி ஒவ்வொன்றும் அவ்வளவு உண்மையாக இருக்கிறது. ஒரு சண்டையில், குத்துச்சண்டை போடுகிற கதாநாயகிக்கு மூக்கு உடைகிறது. வாத்தியார் அங்கேயே, ஸ்டூலில் வைத்தே, எலும்பை இழுத்து நேராக்குகிறார். ரத்தம் மறுபடி கொட்டுவதற்குள் சில விநாடிகள்தான் இருக்கின்றன, அதற்குள் சண்டையை முடித்தாக வேண்டும். அந்தக் காட்சியில் அவர் கையைப் பாருங்கள். அன்பாக ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. கை எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேகி என்று ஒரு பெண், வயது 31. ஓட்டலில் பரிமாறுகிற வேலை. வாடிக்கையாளர் தட்டில் மிச்சம் வைத்த இறைச்சியை, நாய்க்கு என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய் அவளே சாப்பிடுகிறாள். ஹிலாரி ஸ்வாங்க் நடித்திருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிராங்கி என்ற வாத்தியார் நடத்துகிற பழைய ஜிம்முக்கு வந்து, பாக்ஸிங் சொல்லிக் கொடுங்கள் என்று நிற்கிறாள். பெண்களுக்குச் சொல்லித் தருவதில்லை, அதுவும் இந்த வயதில் முடியாது என்று அவர் விரட்டுகிறார். அவள் போகவில்லை. ஃபிராங்கிக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொன்றும் பிரிக்கப்படாமல் திரும்பி வருகிறது. அந்த ஜிம்மைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்கிறவர் ஸ்கிராப் என்ற பழைய குத்துச்சண்டை வீரர். மார்கன் ஃப்ரீமன். அவருக்கு ஒரு கண் இல்லை.

அந்தக் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் வாத்தியார் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். சாயந்திரம் ஆறு மணிக்குமேல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், காசு வாங்கமாட்டார். அவரிடம் கொத்தனார் வேலைக்குப் போகிற தம்பி ஒருவன் பழகிக்கொண்டிருந்தான். இடது கை ஜாப் அவ்வளவு வேகம். ரயில்வே லைன் ஓரத்துத் திடலில் ஒரு ராத்திரி மேட்ச். காசிமேடு, புளியந்தோப்பு, வியாசர்பாடி என்று எல்லாப் பக்கத்து ஜனமும் வந்திருந்தது. ஆறு ரவுண்டு. மூன்று ரவுண்டு எங்கள் தம்பி கையில்தான் இருந்தது. நாலாவதில் ஒரு ரைட் ஹூக் வாங்கினான், கண் ஓரத்தில். மணி அடித்து அவன் ஸ்டூலில் வந்து உட்காரும்போது ஒரு கண் மூடிவிட்டது. இன்னொரு கண்ணும் வீங்க ஆரம்பித்துவிட்டது. நான் பக்கெட்டை நீட்டுகிறேன், அவன் பக்கெட்டுக்கு வெளியே துப்புகிறான். வாத்தியார் அதைப் பார்த்தார்.

தன் வலது கையை முஷ்டியாக மடக்கி அவன் முகத்துக்கு நேராகக் காட்டினார். "எத்தினி வெரல்டா?"

"ரெண்டு வாத்யாரே."

ஒரு விரல்கூட நீட்டவில்லை. அவனுக்கும் தெரிந்துவிட்டது. "வாத்யாரே, ஒரே ஒரு ரவுண்டு உடு. நான் பாயிண்ட்ல இருக்கேன். உன் கால்ல உழறேன், ஒரு ரவுண்டு" என்று கெஞ்சினான். அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பந்தயக் காசு கட்டினவர்கள் பின்னால் நின்று கத்துகிறார்கள். வாத்தியார் என் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், ரிங்குக்குள் போட்டார். துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டையை நிறுத்தச் சொல்வதாக அர்த்தம்.

சோடா பாட்டில் பறந்தது, கல் பறந்தது. விலை போய்விட்டார் என்று வாத்தியாரை முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விட, அந்தத் தம்பி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டான். எதிரில் வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவான். வாத்தியார் யாரிடமும் ஒரு விளக்கமும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து வாத்தியார் வீட்டுக் கல்யாணத்தில், கூப்பிடாமலே வந்து, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பந்தி பரிமாறியது அவன்தான். அந்த மேட்சைப் பற்றி இரண்டு பேரும் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியாது. அவனுக்கு இப்போது பேரப்பிள்ளை இருக்கிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறது.

சண்டை போடுகிறவன் போதும் என்று சொல்லமாட்டான். சொல்லக்கூடாது என்றுதான் அவனை வளர்த்திருக்கிறோம். அப்படியானால் அவனுக்காக அதை வேறு யாராவது சொல்ல வேண்டும். அவன் வெறுத்தாலும் சொல்ல வேண்டும். கார்னரில் நிற்கிறவரின் உண்மையான வேலை அதுதான்.

இப்போது ஸ்கிராப்பின் கண்ணுக்கு வருகிறேன். அவருடைய கடைசிச் சண்டை நடந்த இரவில் ஃபிராங்கி வெறும் கட்மேன். காயத்துக்குப் பஞ்சு வைக்கிறவர், அவ்வளவுதான். நிறுத்து, நிறுத்து என்று அவர் மன்றாடினார். ஆனால் துண்டு போடுகிற உரிமை அவருக்கு இல்லை. சண்டை நடந்தது, கண் போனது. அன்றிலிருந்து அந்தக் கண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டே ஃபிராங்கி வாழ்கிறார். தன்னிடம் பழகுகிறவர்களைப் பெரிய சண்டைக்கு அனுப்ப அவர் ஏன் இவ்வளவு தயங்குகிறார், அந்தத் தயக்கத்தாலேயே நல்ல வீரன் ஒருவன் ஏன் அவரை விட்டுப் போகிறான் என்பதெல்லாம் இங்கே புரியும். துண்டு போட முடியாமல் போன மனிதரிடம்தான் மேகி வந்து நிற்கிறாள். படம் முழுக்க ஓடுவது இந்த ஒரே கேள்விதான்: போதும் என்று யார் சொல்வது?

இது சினிமாவுக்காகச் செய்த கேள்வி இல்லை. 1975 அக்டோபர் 1, மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மோதினார்கள். 14 ரவுண்டு முடிந்துவிட்டது, ஒன்றே ஒன்று பாக்கி. ஃப்ரேஸியருக்குக் கண் தெரியவில்லை. அவருடைய வாத்தியார் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்திவிட்டார். வேண்டாம், வேண்டாம் என்று ஃப்ரேஸியர் எழுந்திருக்கப் பார்த்தார். அலியும் அப்போது நிற்க முடியாத நிலையில்தான் இருந்தார். இன்னொரு ரவுண்டு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அந்த நாளின் பெரிய மனிதர் ஃபட்ச்தான்.

அலி பெயர் வந்ததால் இன்னொன்று. அவர் 1980-ல் நம் சென்னைக்கு வந்தார், நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். எல்லிஸ் யார்? முன்னாள் உலக சாம்பியன், அலியோடு ஒரே ஊரில் வளர்ந்தவர். இருவருக்கும் வாத்தியார் ஒருவரே, ஏஞ்சலோ டண்டீ. 1971-ல் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். டண்டீ யார் கார்னரில் நின்றார் என்று நினைக்கிறீர்கள்? எல்லிஸ் கார்னரில். அலி அதற்குச் சம்மதித்தார். 12-வது ரவுண்டில் அலி ஜெயித்தார், பிறகு மறுபடியும் டண்டீ அலியின் கார்னருக்கு வந்துவிட்டார். நம் ஊர்ப் பரம்பரைகளில் இப்படி ஒரு வாத்தியார் எதிர்க் கார்னரில் போய் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் குறைவாக இருக்கிறது. இன்னும் சொல்ல வேண்டியதை வேகமாகச் சொல்கிறேன்.

படத்தின் கடைசிப் பகுதி ரிங்கை விட்டு வெளியே போய்விடுகிறது. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் ரொம்பக் கனமான பகுதி. வீட்டில் சமீபத்தில் பெரிய நோயோ சாவோ பார்த்தவர்கள் கொஞ்ச காலம் கழித்துப் பாருங்கள். அந்த முடிவை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் அமெரிக்காவில் குரல் கொடுத்தன. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். படம் பார்த்த பிறகு வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றி வாதாடுங்கள். என் மருமகளும் நானும் இன்னும் அதில் ஒத்துப்போகவில்லை. நான் சொல்வதெல்லாம், கார்னரில் எழுந்த அதே கேள்விதான் அங்கேயும் வருகிறது. துண்டு போட முடியாமல் போன அந்த மனிதரிடமே அது மறுபடி வருகிறது. ரிங்கில் அந்த ஸ்டூல் எப்போது போடப்படுகிறது, எப்போது எடுக்கப்படுகிறது என்பதையும் கவனித்துக்கொண்டே வாருங்கள். அதற்குமேல் சொன்னால் படத்தைக் கெடுத்துவிடுவேன்.

பெண்கள் குத்துச்சண்டை பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். இந்தப் படம் வந்தபோது ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் குத்துச்சண்டையே கிடையாது. 2012 லண்டனில்தான் சேர்த்தார்கள், அந்த முதல் தடவையே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். நம் பக்கத்திலேயே கதை நடக்கிற 'இறுதிச்சுற்று' 2016-ல் வந்தது. அதில் நடித்த ரித்திகா சிங் நிஜமான வீராங்கனை. இதைப் பார்த்த கையோடு அதையும் பாருங்கள். பெண் பிள்ளை கிளவுஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகளில் அப்பாக்கள் கட்டாயம் பாருங்கள்.

படம் 2 மணி 12 நிமிடம். கீழே எழுத்து ஓடும், அதை வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு குறைவான படம்தான், கார்னர் காட்சிகளுக்கு எழுத்தே தேவைப்படாது. மணி அடிக்கும்போது மட்டும் யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.