மண்டபத்தின் பின்கதவும் ஒரு சட்டமும்

பெரியோர்களே, ஆலய பரிபாலன சபைகளிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் வந்திருப்பவர்களே,

பயங்கரவாதம் பற்றிய சட்டம் என்றதும் யாழ்ப்பாணத்தில் நமக்கு நினைவுக்கு வருவது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிகமாக வந்தது, 1982இல் நிரந்தரமாகிவிட்டது. அதன் பேரால் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடி முகாம் வாசல்களில் நின்ற தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம். நான் பேச வந்தது வேறு வகைச் சட்டம்.

2017 மே 22இல் மான்செஸ்டரில் இசை நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியேறும் நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். தாக்கியவனைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒருவர் முன்கூட்டியே அங்கிருந்த பணியாளரிடம் சொன்னார். அந்தச் செய்தி கட்டுப்பாட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. மகன் மார்ட்டினைப் பறிகொடுத்த ஃபிகன் மறே என்ற தாய், இடங்களை நடத்துவோருக்குப் பொறுப்பு வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 2024இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் வரை நடந்தே போனார். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவில் அதற்கான சட்டம் நிறைவேறியது.

அது எவரையும் பிடித்து அடைக்கச் சொல்லவில்லை. 200 பேருக்குக் குறையாமல் கூடும் இடத்தின் பொறுப்பாளரிடம் கேட்கிறது: சனத்தை எந்த வழியால் வெளியேற்றுவீர்கள்? ஆபத்து வெளியே இருந்தால் எங்கே பாதுகாப்பீர்கள்? கதவை யார் அடைப்பார், யார் அறிவிப்பார்? 800 பேருக்குக் குறையாமல் கூடும் இடங்களுக்குக் கடமை இன்னும் கூடுதல். வழிபாட்டிடங்களையும் பாடசாலைகளையும், எவ்வளவு பெரியவையானாலும், கடமை குறைந்த முதல் படியிலேயே வைத்தார்கள். அது சரியான முடிவு என்பது என் எண்ணம். காணிக்கையில் நடக்கும் கோயிலின் மீது பெரிய அரங்கின் செலவைச் சுமத்தக்கூடாது.

நமக்கு இது அந்நியமான துயரமா? 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் பையுடன் வந்தவனை ஒருவர் தடுத்து நிறுத்தினார். உள்ளே இருந்த பலர் பிழைத்தார்கள்; அவரும் பல பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். இந்தியாவிலிருந்து முன்னெச்சரிக்கை கொழும்புக்கு வந்திருந்தது, தேவாலயங்களுக்கு வரவில்லை. அந்த அலட்சியத்துக்காக 2023இல் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலரை நட்டஈடு செலுத்தப் பணித்தது. ஆனால் அதற்குப் பிறகு நாம் கண்டதெல்லாம் பை சோதனைதான். சோதிக்க வந்த படையினர் திருவிழா முடிந்ததும் போய்விடுவார்கள். மண்டபம் நம்மிடமே இருக்கும்.

நம் கலியாண மண்டபங்களின் பின்கதவைப் போய்ப் பாருங்கள். சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும். அதன் முன்னே பிளாஸ்டிக் கதிரைகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். திறப்பு காவலாளியிடம், காவலாளி சமையற்கட்டில். தீப்பிடித்தாலே போதும், குண்டு வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இது. இன்னொரு தடுப்புக்காவல் சட்டம் வேண்டாம். பெருங்கூட்டம் கூடும் இடங்களின் வழி, கதவு, ஒலிபெருக்கி, முதலுதவி பற்றிய கடமையை மாநகர சபையும் பிரதேச சபைகளும் விதியாக எழுதட்டும். பரிபாலன சபைகள் அதற்காகக் காத்திருக்கவேண்டாம். அடுத்த கூட்டத்திலேயே பின்கதவின் திறப்பு யார் கையில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, அந்தப் பெயரைக் கூட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள்.