பொய்க்காலோடு ஏறியதுதான் பெரிது

நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். பொய்க்காலோடு எவரெஸ்ட் ஏறிய இந்தியப் பெண் அருணிமா சின்ஹாவை நாம் கொண்டாட வேண்டியது அவர் ஏறிய மலைகளுக்காகவா, செய்துவரும் தொண்டுக்காகவா என்பதுதான் கேள்வி. எவரெஸ்டில் கொட்டிய காசுக்கு எத்தனை பேருக்குப் பொய்க்கால் போட்டிருக்கலாம் என்று எதிரணித் தங்கச்சி கேட்டபோது நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனாலும் நான் மலையின் பக்கம்தான்.

அருணிமா ஒரு வொலிபோல் வீராங்கனை. 2011 ஏப்ரலில் லக்னோவிலிருந்து டெல்லிக்குப் போகும்போது, சங்கிலி பறிக்க வந்தவர்களோடு மல்லுக்கு நின்றதால் ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டார்கள், பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த ரயில் காலில் ஏறிவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று, வலது காலுக்குள் கம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எவரெஸ்ட் என்று முடிவெடுத்து, 1984 இல் அதில் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பாலிடம் போய் நின்றார். 2013 மே 21 அன்று உச்சியில் நின்றார்.

பொய்க்கால் என்றால் என்னவென்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. செல்லடியிலும் மிதிவெடியிலும் கால் போனவர்கள் இல்லாத ஊர் எது? வெயிலில் வேர்த்தால் உள்ளே வழுக்கும், உரசி உரசிப் புண்ணாகும், ஈர வரம்பில் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போகும். அருணிமாவுக்கு இறுகிய பனியில் ஊன்றும்போதெல்லாம் குதி திரும்பிக்கொண்டது, திருப்பி ஊன்றி ஊன்றித்தான் ஏறினார். ஒக்சிசன் குறைகிறது, இறங்கு என்று வழிகாட்டிய சேர்ப்பா சொன்ன பிறகும் ஏறினார்.

2009 இல் போர் முடிந்த பிறகு எங்களுக்கும் உதவி வந்தது. கோழிக்கூடு வந்தது, தையல் மெசின் வந்தது, கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அதுவும் இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திராது. ஆனால் ஒவ்வொரு தரமும் கால் இல்லாதவர் வரிசையில் நிற்க வேண்டும், பொருளைப் பிடித்தபடி படத்துக்கு நிற்க வேண்டும். அப்படியே வருடக்கணக்காக நின்றவரிடம் ஊர் ஒரு பொறுப்பும் கொடுக்காது, சங்கத் தெரிவில் பெயர் சொல்லாது, பாவம் என்று விட்டுவிடும். அந்தப் 'பாவம்' என்ற பார்வையை எந்த நிவாரணமும் மாற்றவில்லை, ஐயா. ஒற்றைக் காலோடு ஒருத்தி உச்சியில் நின்றதைப் பார்த்தால் மாறும்.

சரி, தொண்டுக்கு வருவோம். உத்தரப்பிரதேசத்தின் உன்னாவில் ஏழைப் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டுப் பயிற்சி நிலையம் அமைக்க முன்நின்றார். எவரெஸ்ட் ஏறாத அருணிமாவை நம்பி அதற்கு யார் காசு கொடுத்திருப்பார்கள்?

2015 இல் பத்மஸ்ரீயும் கிடைத்துவிட்டது. மேடைமேடையாகப் போய் நிதி சேர்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். அவரோ கிளிமஞ்சாரோ, எல்பிரஸ், அகொன்காகுவா என்று ஏறியவர், 2019 சனவரியில் அந்தார்ட்டிக்காவின் வின்சன் வரை போனார். தொண்டு மட்டுமே போதுமென்றால் அவர் ஏன் திரும்பத் திரும்ப மலைக்குப் போனார் என்று, அடுத்துப் பேச வரும் அண்ணா சொல்லட்டும்.