இருபது தடவை செய்து பார்க்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்று பெற்றோர் கேட்கும்போது, நான் முதலில் ஒத்திகையைப் பற்றித்தான் சொல்வேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று பேச்சுக் கொடுக்கிறார். கடையில் மீதிச் சில்லறை குறைகிறது. பதினைந்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? தடுமாறினால் எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான், வாய்ப்பு போயிற்று. ஒத்திகையில் அதே காட்சியை இருபது தடவை செய்து பார்க்கலாம். யார் எப்போது பேசுவார், எங்கே நிற்பார் என்பது முன்பே தெரியும். அடுத்து என்ன வருமோ என்ற பதற்றம் தணிந்தால்தான் பிள்ளைக்கு எதிரே இருப்பவரைக் கவனிக்கவே முடியும்.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளைத் கார்பெட் என்ற உளவியலாளர் 'சென்ஸ் தியேட்டர்' என்றொரு திட்டம் நடத்துகிறார். 2016இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 14 வயது வரையுள்ள 30 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் பயிற்சி; மொத்தம் 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் 4 மணி நேரம், முடிவில் மேடை. பயிற்சி பெற்றவர்கள் முகங்களைக் கூடுதலாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சிக்கு வெளியிலும் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவது கூடியது. முப்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். நாடகத்தை மருந்து என்று நான் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளும் கூடவே நடிக்கிறார்கள். அவர்களுக்கு அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. நாம் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டுமே திருத்தப் பார்க்கிறோம். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், தாமே ஆட்டிசம் உள்ளவர், 2012இல் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்றால், மற்றவர்களுக்கும் உங்கள் பிள்ளையைப் புரியவில்லை. ஒரே காட்சியில் சேர்ந்து நிற்கும்போது இருவருமே கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்து நடிகை கெல்லி ஹண்டர் ஷேக்ஸ்பியரை வைத்து இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்பவர். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, நெஞ்சில் கையால் இதயத்துடிப்பு போலத் தட்டி, அந்தத் தாளத்திலேயே வணக்கம் சொல்வதில்தான் தொடங்குகிறார். பேச்சு வராத பிள்ளைக்கும் தட்ட வரும். தட்டினாலே அது வட்டத்துக்குள் வந்துவிட்டது! கண்ணைப் பார், கண்ணைப் பார் என்று அதட்டி எதையும் கொண்டுவர முடியாது, தயவுசெய்து நம்புங்கள்.

மேடை ஏறப் பிடிக்காத பிள்ளைக்கு விளக்கு, திரை, பொருட்கள் என்று பின்னால் எத்தனையோ வேலை. நேரத்துக்கு வருவது, தன் முறைக்குக் காத்திருப்பது, "சத்தம் அதிகம், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று வாய்விட்டுக் கேட்பது, எல்லாம் அங்கேயும் பழகும்.

பள்ளி ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் இந்தப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் மரமாக நிறுத்தாதீர்கள். ஒரு வரி வசனம் கொடுங்கள். ஒரு மாதம் முன்பே கொடுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மேடைக்குப் பக்கத்தில் அமைதியான அறை ஒன்றும் ஒதுக்கிவிடுங்கள்.