என்.எம். உள்ளே போனார், தோட்டத்துக்கு என்ன கிடைத்தது?

வணக்கம் உறவுகளே. மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இடதுசாரிகள் பெரிய கட்சியோடு சேர்ந்து, உள்ளே இருந்து அதைத் திருத்த முடியுமா ஐயா? 1964இல் சமசமாஜிகள் செய்தது துரோகம்தானே?" சமசமாஜிகள் என்றால் இலங்கையின் பழைய இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள். இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

துரோகம் என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் முல்லோயாத் தோட்டத்துக் கதையை இங்கே ஏற்கெனவே பேசியிருக்கிறோம். 1940 ஜனவரியில் பொலிஸ் சுட்டு தொழிலாளி கோவிந்தன் இறந்தாரே, அந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் நின்றது சமசமாஜக் கட்சிதான். 1948இல் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவர்களில் அவர்களும் உண்டு.

அதே கட்சி 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. கட்சித் தலைவர் என்.எம். பெரேரா நிதியமைச்சர். ஒக்டோபரில் இந்தியப் பிரதமரோடு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, நாடற்ற நம் ஆட்களைப் பங்கு பிரிக்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிப்பது போலப் பிரித்தார்கள். நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. அதற்காக எந்தத் தோழரும் மந்திரிப் பதவியை விடவும் இல்லை.

ஏன்? நான் எப்போதும் சொல்வதுதான், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: உள்ளே போகிறவருக்கு வெளியே ஆள் வேண்டும், அந்த ஆள் கையில் வாக்கு வேண்டும். என்.எம்.மின் யட்டியாந்தோட்டைத் தொகுதியைச் சுற்றிலும் தோட்டங்கள். ஆனால் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு 1949இலேயே வாக்குப் போய்விட்டது. அவர்கள் கோபப்பட்டால் அவருக்கு ஒரு வாக்கும் குறையாது. கோபப்பட்டால் குறையக்கூடிய வாக்கெல்லாம் வேறு பக்கம் இருந்தது.

எங்கள் பக்கத்தில் இடதுசாரித் தொழிற்சங்கமான செங்கொடிச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். லயத்துக் காம்பறாவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் லெனின் படம். மாலை இரண்டுக்கும் உண்டு. அவரிடம் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் தோட்டத்தை நடத்திய பழைய துரையின் நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். நாய்க் கதை நன்றாகத்தான் இருக்கும், இன்னொரு நாள் சொல்கிறேன்.

சரி, இப்போது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் தொண்டமானைப் பாருங்கள். அவர் இடதுசாரி இல்லை, அது எனக்கும் தெரியும், கொமென்டில் சண்டைக்கு வராதீர்கள். 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாவில் வாக்கு வாங்கி வென்றவர். அடுத்த வருடம் ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கத்தில் மந்திரி. மந்திரியாக இருந்துகொண்டே 1986 தைப்பொங்கலோடு பிரார்த்தனைப் போராட்டத்தை நடத்தினார். காலையில் பிரார்த்தனை, மத்தியானத்துக்குப் பிறகுதான் கொழுந்து பறிப்பது. அந்த வருடமே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது, 1988இல் இன்னொன்று. அவர் உள்ளே பேசிய பேச்சுக்கு வெளியே மலையில் நின்ற ஆட்கள் எடை கொடுத்தார்கள். கொள்கையில் அவரைவிடப் பல மடங்கு சுத்தமான என்.எம்.முக்கு அந்த எடை கிடைக்கவில்லை.

2024 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலேயே இடதுசாரிக் கூட்டணியான தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. இப்போது வாக்கு நம் கையில் இருக்கிறது. அதனால் அந்தக் கூட்டணியில் உள்ளே போன நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்று என்னைக் கேட்பதை விடுங்கள், தம்பி. நான் கேட்கிறேன்: உங்கள் தோட்டக் கமிட்டி கடைசியாக எப்போது கூடியது? காணி உறுதியைப் பற்றி உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதமாவது போட்டதா?