இறங்காதீர்கள், வீசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விடுமுறை நாட்களில் மெரினாவில் விசிலோடு நிற்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். "எத்தனை பேரைக் குதித்துக் காப்பாற்றினீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வேலையில் பெரும்பகுதி, ஆட்களை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது.

அலை உடையாமல் தண்ணீர் அமைதியாகக் கிடக்கும் இடத்தைத் தேடிக் குழந்தைகளோடு வருகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பப் பாயும் வழி பல நேரம் அதுதான். அந்த இழுப்பை எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துவிடும். சிக்கினால் மிதந்தபடியே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரையேறுங்கள்.

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே தவிப்பவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய, வாய் நீருக்கு மேலும் கீழுமாய்ப் போய்வர, ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். பக்கத்தில் குளிப்பவருக்கே தெரியாது.

2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயது நிரம்பாத பிள்ளை.

நம் ஊர்ச் செய்திகளில் என் மனத்தை அறுப்பது வேறொன்று. ஏரியில் ஒரு பிள்ளை தவறி விழும். காப்பாற்ற அக்கா இறங்குவாள், பிறகு அம்மா, பிறகு சித்தி. ஒரே வீட்டில் மூன்று, நான்கு சாவு. பாசத்தில் இறங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மூழ்குகிறவர், கைக்கு அகப்பட்டவர்மேல் ஏறத்தான் பார்ப்பார். நீச்சல் தெரிந்தவரையும் அமுக்கிவிடுவார். அதனால் இறங்காதீர்கள். புடவையை, வேட்டியை வீசுங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கழியை நீட்டுங்கள். மூடி இறுக்கிய 5 லிட்டர் காலி எண்ணெய் கேனைப் பிடித்துக்கொண்டால்கூட ஒருவர் தலை நீருக்கு மேலே நிற்கும்.

கரைசேர்த்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சில்லை என்றால் உடனே மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி, 2 முறை ஊதி, வண்டி வரும்வரை விடாமல் செய்யுங்கள்.

ஆடிப்பெருக்குக்குப் படித்துறைகளில் கூட்டம் கூடும். அதற்குள் உங்கள் ஊர்த் துறையில், நீளக் கயிறு கட்டிய கேன் ஒன்றை மரத்தில் தொங்கவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளம் எங்கே என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது. அங்கே கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு காலைப்பொழுது வேலை.